உழவர் கேள்வி-பதில்: குதித்துவிடலாம் என்று நம்பாதீர்கள்

போன இதழில் ஒரு வாசகருக்குப் பதில் சொல்லும்போது, டிராக்டர் கவிழ்ந்தால் ஓட்டுகிறவர் பிழைக்க வேண்டுமென்றால் சீட்டுக்குப் பின்னால் நிற்கும் ரோல் பார் என்கிற இரும்புச் சட்டமும் இடுப்பு பெல்ட்டும்தான் வழி என்று நாலு வரி எழுதியிருந்தேன். தர்மபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டத்திலிருந்தும் அதற்குக் கடிதங்கள் வந்துவிட்டன. அதனால் இந்த இதழ் முழுக்க இதே விஷயம்தான். பெயர் வேண்டாம் என்று சிலர் கேட்டிருந்தார்கள், யாருடைய பெயரையும் போடவில்லை, ஊர் மட்டும் போட்டிருக்கிறேன்.

என் வீட்டுக்காரர் இருபத்திரண்டு வருஷமாக டிராக்டர் ஓட்டுகிறார். சொந்த வண்டி கிடையாது, ஒரு முதலாளியின் பழைய வண்டியை மணிக்கணக்கில் வாடகைக்கு ஓட்டிக் கொடுக்கிறார். நீங்கள் எழுதிய கம்பி எதுவும் அதில் இல்லை. சொன்னால், "வண்டி சாயப்போறது எனக்கு முன்னாடியே தெரியும், குதிச்சிடுவேன்" என்கிறார். நான் பயப்படுவது தப்பா?
— வாசகி, பென்னாகரம்

தப்பே இல்லை அம்மா. உங்கள் வீட்டுக்காரர் சொன்ன அதே வார்த்தையை என் சித்தப்பா மகனும் சொல்லிக்கொண்டிருந்தான். எங்கள் பக்கத்தில் அவனைப் போல வண்டி ஓட்டுகிறவன் கிடையாது என்று பேர் எடுத்தவன். ஒரு புளியமரத்து அடிக்கட்டையைப் பிடுங்க வேண்டும் என்று சங்கிலியை டாப் லிங்க் (கலப்பையை மேலே பிடிக்கும் தண்டு) மாட்டும் இடத்தில் கட்டிக்கொண்டு கிளட்சை விட்டான். நான் இருபது அடி தள்ளி நின்றுகொண்டிருந்தேன். சங்கிலி இறுகியது தெரிந்தது, முன் டயர் இரண்டும் தரையை விட்டுக் கிளம்பியது தெரிந்தது, அப்புறம் வண்டி தலைகீழாகக் கிடந்தது. நான் "டேய்" என்று கத்தி முடிப்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் ஆகிறது, இன்னும் அந்தச் சங்கிலி இறுகும் சத்தம் என் காதில் இருக்கிறது.

இதை உங்கள் வீட்டுக்காரருக்குப் படித்துக் காட்டுங்கள். பின்பக்கமாகப் புரளும்போது, முன் சக்கரம் எழும்பியதிலிருந்து சுமார் முக்கால் நொடியில் வண்டி இனி திரும்பாது என்ற நிலைக்குப் போய்விடும். ஒன்றரை நொடியில் முழுவதுமாகப் புரண்டு ஓட்டுகிறவர் மேல் விழுந்துவிடும். முன்னால் தூக்குகிறது என்று கண்ணுக்குப் பட்டு, மூளைக்குப் போய், கால் கிளட்சை மிதிப்பதற்கே அந்த முக்கால் நொடி போய்விடும். இதில் ஸ்டீயரிங்கை விட்டு, மட்கார்டைத் தாண்டி, எங்கே குதிப்பது? அனுபவசாலிக்கும் புதுசாக ஓட்டுகிறவருக்கும் கைகால் ஒரே வேகத்தில்தான் வேலை செய்யும். பக்கவாட்டில் சாயும்போது இன்னும் மோசம். ஆள் பள்ளத்துப் பக்கம்தான் விழுவார், வண்டியும் அதே பக்கம்தான் வரும். குதித்தவர்கள் மேல்தான் மட்கார்டு விழுந்திருக்கிறது.

ரோல் பார் என்பது தலைகீழாக நிறுத்திய "ப" மாதிரி, பின் அச்சுக் கூட்டில் போல்ட் போட்டு மாட்டிய கனமான இரும்புச் சட்டம். கம்பெனிக்காரர்கள் இதை ரோப்ஸ் என்பார்கள். வண்டி சாய்ந்தால் பெரும்பாலும் பக்கவாட்டில் படுத்ததோடு இந்தச் சட்டம் தடுத்து நிறுத்திவிடும், மேலும் உருள விடாது. தலைகீழாகவே போனாலும் ஸ்டீயரிங்குக்கும் தரைக்கும் நடுவில் ஆள் இருக்க ஒரு இடம் மிச்சம் இருக்கும். அந்த இடத்துக்குள் ஆளைப் பிடித்து வைப்பது பெல்ட்டின் வேலை. ஸ்வீடன் நாட்டில் 1959லேயே புது டிராக்டர் எதுவாக இருந்தாலும் இந்தச் சட்டத்தோடுதான் விற்க வேண்டும் என்று கொண்டுவந்துவிட்டார்கள். டிராக்டர் கவிழ்ந்து சாவது என்பது அங்கே போகப்போகக் கிட்டத்தட்ட இல்லாமலே போய்விட்டது. அவர்களும் மண்ணில்தான் உழுகிறார்கள், அங்கேயும் சரிவும் சேறும் உண்டு. வண்டியில் ஒரு சட்டம் கூடியது, அவ்வளவுதான் வித்தியாசம்.

முதலாளியிடம் நேரில் பேசுங்கள் அம்மா, நீங்களே போய்ப் பேசினாலும் சரி. வண்டியின் மாடலையும் வருஷத்தையும் குறித்துக்கொண்டு டீலரிடம், அந்த மாடலுக்கென்று கம்பெனி செய்த ரோல் பார் வருகிறதா என்று கேட்கச் சொல்லுங்கள். பெல்ட்டும் அதோடு வர வேண்டும். அது வரும்வரை கட்டை பிடுங்குவது, சேற்றில் மாட்டிய இன்னொரு வண்டியை இழுப்பது, கரை ஓரம் உழுவது, இந்த மூன்றையும் உங்கள் வீட்டுக்காரர் முடியாது என்று சொல்லட்டும். ஒரு நாள் வாடகை போகும், போகட்டும். இன்னொன்று, ரோல் பார் இல்லாத வண்டியில் பெல்ட் மட்டும் வாங்கி மாட்டிவிடாதீர்கள், அது ஆளை வண்டியோடு சேர்த்துக் கட்டிப்போட்ட மாதிரி ஆகிவிடும்.

வெல்டிங் பட்டறையில் நல்ல கனமான பைப்பில் சட்டம் அடித்துத் தருகிறேன் என்கிறார்கள், மேலே வெயிலுக்கு ஷீட்டும் போட்டுவிடலாமாம். செய்யலாமா?
— ஊத்தங்கரை

வேண்டாம் தம்பி. வெயிலுக்குப் போடுகிற கூரை வேறு, ரோல் பார் வேறு. நம் ஊரில் நாலு கம்பி நட்டு ஷீட் போட்ட வண்டியைப் பார்த்து, "கூண்டு இருக்குதே, பயமில்லை" என்று நினைத்துக்கொள்கிறார்கள். அந்தக் கம்பி நாலும் மட்கார்டில்தான் நிற்கிறது. மட்கார்டு தகரம் ரெண்டு டன் எடையைத் தாங்குமா?

கம்பெனியில் ஒரு ரோல் பாரை விற்பனைக்கு விடுமுன் பின்னாலிருந்தும் பக்கத்திலிருந்தும் அழுத்தி, மேலிருந்தும் நசுக்கிப் பார்ப்பார்கள். எவ்வளவு வளைகிறது, வளைந்த பிறகும் ஓட்டுகிறவருக்கு இடம் மிச்சம் இருக்கிறதா என்று அளந்து பார்ப்பார்கள். அது கொஞ்சம் வளைந்து கொடுக்க வேண்டும், ஆனால் முறியக் கூடாது. கனமான பைப் என்றால் பலம் என்று பட்டறைக்காரர் நினைப்பதில் தப்பில்லை, ஆனால் வெல்டிங் வைத்த இடத்தில் அடி விழும்போது படக்கென்று விட்டுவிடும். கம்பெனி ரோல் பாரிலும் லைட் மாட்ட ஓட்டை போடுவது, ஹூக்கு வெல்டிங் வைப்பது எதுவும் கூடாது. ஒரு தடவை கவிழ்ந்து வளைந்துபோனால் நிமிர்த்தி மாட்டாதீர்கள், மாற்றிவிடுங்கள். போல்ட் கழன்று விழுந்தாலும் அதே தரத்துப் போல்ட்டைத்தான் போட வேண்டும்.

எங்களுடையது மாந்தோப்பு. வாங்கும்போது ரோல் பாரோடுதான் மினி டிராக்டர் வந்தது. கிளையில் இடிக்கிறது, பிஞ்சு உதிர்கிறது என்று கழற்றி மாட்டுக் கொட்டகையில் போட்டுவிட்டோம். தப்பு என்று தெரிகிறது, ஆனால் வேறு என்ன செய்வது?
— சந்தூர்

நீங்கள் உள்ளதைச் சொல்லிக் கேட்டதே எனக்குச் சந்தோஷம். மாங்காய் ஊரில் இது எல்லோருக்கும் இருக்கிற பிரச்சினைதான், கிளை தாழ்ந்து நிற்கும் தோப்பில் ஆறரை, ஏழு அடி உயரத்தில் ஒரு சட்டத்தைத் தூக்கிக்கொண்டு போக முடியாது. இதற்காகவே நடுவில் மடங்குகிற ரோல் பார் வருகிறது. பூட்டி வைக்கிற ஆணி (பின்) ஒன்றை உருவி மேல் பாதியைப் பின்னால் மடக்கிக்கொள்ளலாம். உங்கள் மாடலுக்கு அது கிடைக்கிறதா என்று டீலரிடம் கேளுங்கள்.

ஆனால் மடக்கியதை நிமிர்த்த மறக்கக் கூடாது. தோப்புக்குள் மரத்தடியில் மட்டும் மடக்குங்கள், அந்த நேரம் பெல்ட் போட வேண்டாம். தோப்பை விட்டு வெளியே வந்ததும், ஓடைக் கரையில் ஏறுமுன், ரோட்டுக்கு வருமுன் இறங்கி நிமிர்த்தி, பின்னைக் குத்தி, பெல்ட்டைப் போட்டுக்கொண்டு கிளம்புங்கள். வருஷக்கணக்கில் மடக்கியபடியே துருப்பிடித்து நிற்கிற ரோல் பாரை நான் நிறையப் பார்த்திருக்கிறேன், அது கொட்டகையில் கிடப்பதற்குச் சமம்தான். அறுவடை முடிந்து கவாத்து செய்யும்போது, வண்டி போகிற வரிசையில் தாழ்ந்த கிளைகளைக் கொஞ்சம் ஏற்றிவிட்டால் மடக்கும் வேலையே பாதி குறைந்துவிடும். மரத்துக்கும் அது நல்லதுதான்.

நடவுக்குச் சேறடிக்கும்போது கேஜ் வீல் (சேற்றுக்கு மாட்டும் இரும்புக் கூண்டுச் சக்கரம்) போட்ட வண்டி புதைந்துவிட்டால் எப்படி எடுப்பது? சக்கரத்தில் கட்டை கட்டி எடுப்பார்கள் எங்கள் பக்கம்.
— காவேரிப்பட்டணம்

கட்டை கட்டுவதை இன்றோடு விட்டுவிடுங்கள் ஐயா. கே.ஆர்.பி. அணைப் பாசனத்தில் நடவு செய்கிற உங்கள் ஊரில் பலர் இதைச் செய்வது தெரிந்துதான் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன்.

இன்ஜின் பின் அச்சைச் சுழற்றுகிறது, சக்கரம் சுற்றுகிறது, வண்டி முன்னால் போகிறது. சக்கரம் சேற்றில் இறுகி நின்றுவிட்டால், இல்லை கட்டை கட்டி அதை நிறுத்திவிட்டால், இன்ஜினின் பலம் போக வேறு வழி வேண்டுமே. சக்கரம் நிற்க, வண்டியின் உடம்பு அந்த அச்சைச் சுற்றித் தூக்கிக்கொண்டு வரும். முன்னால் தூக்குவது என்கிறோமே, அது இதுதான். ரெண்டு சக்கர இழுவை டிராக்டரில் எடையில் ஏறக்குறைய முக்கால் பங்கு பின் சக்கரத்தின் மேலேயே இருக்கிறது, முன்பக்கத்துக்கு எழும்ப அதிகம் பலம் தேவைப்படாது.

புதைந்ததும் ஆக்ஸிலரேட்டரை மிதிக்காமல் முதலில் நிறுத்துங்கள். ரிவர்ஸ் கியரில் வந்த தடத்திலேயே மெதுவாகப் பின்னால் வரப் பாருங்கள், ரிவர்ஸில் முன்பக்கம் எழும்பாது. வராவிட்டால் சக்கரத்துக்குப் பின்னாலும் அடியிலும் மண்ணைத் தோண்டி வழி விட்டு மறுபடி பாருங்கள். அதுவும் முடியாவிட்டால் இன்னொரு வண்டியைக் கூப்பிடுங்கள். இழுக்கிற வண்டி நல்ல தரையில் நிற்கட்டும், சங்கிலியை டிரா பாரில் (பின்னால் தாழ்வாக இருக்கும் இழுவைப் பட்டை) மட்டும் கட்டுங்கள், டாப் லிங்க்கிலோ சீட்டுக்குக் கீழேயோ அச்சுக்கு மேலே எந்த இடத்திலும் கட்டாதீர்கள். இழுக்கிற புள்ளி அச்சுக்கு மேலே போகப்போக முன்பக்கம் எழும்புவது சுலபமாகிக்கொண்டே போகும், என் சித்தப்பா மகன் போனது அதனால்தான். கிளட்சைப் படாரென்று விடக் கூடாது. சங்கிலி அறுந்தால் சாட்டை மாதிரி வரும், வேடிக்கை பார்க்கிற பிள்ளைகளை வரப்புக்கு அப்பால் அனுப்பிவிடுங்கள். மரக்கட்டை பிடுங்க வேண்டுமென்றால் ஒரு மணி நேரம் ஜேசிபி வாடகைக்குப் பிடியுங்கள்.

வயலிலிருந்து வரப்பேறி வெளியே வருவதும் இதே கதைதான். கேஜ் வீலோடு உயரமான வரப்பை முன்கியரில் ஏறும்போதுதான் வண்டி பின்னால் புரளும். வரப்பை மண்வெட்டியால் சரித்து வழி செய்துகொள்ளுங்கள், அரை மணி நேரம் ஆகுமா? ஆகட்டும்.

அஞ்செட்டி பக்கம் எங்கள் நிலம் நல்ல சரிவு. ராகி, கொள்ளு போடுகிறோம். மண் அரிக்காமல் இருக்கச் சரிவுக்குக் குறுக்கே உழு என்கிறார்கள், குறுக்கே ஓட்டினால் வண்டி சாயும் என்று டிரைவர் சொல்கிறார். யார் சொல்வது சரி?
— அஞ்செட்டி

ரெண்டு பேரும் சரி. குறுக்கே உழுதால்தான் மேல்மண் நிற்கும், மானாவாரி நிலத்தில் ஈரமும் தங்கும், அதை விடக் கூடாது. அதே நேரத்தில் குறுக்கே போகிற வண்டி கீழ்ப்பக்கம் சாயத்தான் பார்க்கும், கீழ்ச் சக்கரம் ஒரு குழியில் இறங்கி மேல் சக்கரம் ஒரு கல்லில் ஏறினால் போதும். டிரைவர் முடியாது என்கிற இடத்தில் அவரை வற்புறுத்தாதீர்கள். மெதுவான சரிவில் குறுக்கே ஓட்டுங்கள், பின் சக்கரங்களின் அகலத்தைக் கூட்டி வைத்துக்கொள்ளுங்கள் (ரிம்மைத் திருப்பி மாட்டினாலே கூடும்), கலப்பையைத் தூக்கும்போது தேவைக்கு மேல் தூக்காதீர்கள், முந்தின நாள் நிலத்தை நடந்து பார்த்துக் கல்லையும் கட்டையையும் எடுத்துவிடுங்கள். நடுச் சரிவில் திருப்ப வேண்டி வந்தால் வேகத்தைக் குறைத்துக் கீழ்நோக்கித் திருப்புங்கள், மேல்நோக்கி வேண்டாம். செங்குத்தான துண்டுக்கு டிராக்டரே வேண்டாம், மாட்டு ஏரில் உழுங்கள், இல்லையென்றால் புல்லுக்கு விட்டுவிடுங்கள்.

ஓடை, பள்ளம், கரை இருந்தால், எவ்வளவு ஆழமோ அவ்வளவு தூரம் ஓரத்தை விட்டு விலகி ஓட்டுங்கள். ஐந்தடிப் பள்ளத்துக்கு ஐந்தடி. கரை வெளியே பார்க்க உறுதியாக இருக்கும், மழை பெய்த மறுநாள் சக்கரம் ஏறியதும் சரிந்துவிடும். கைப்பிடிச் சுவர் இல்லாத பழைய கிணறு நம் ரெண்டு மாவட்டத்திலும் எத்தனை இருக்கிறது! தயவுசெய்து சுவர் கட்டுங்கள். கட்டும்வரை கிணற்றைச் சுற்றி நன்றாகத் தள்ளி முள்ளைப் போட்டு அடைத்து, அந்தத் துண்டைக் கையால் கொத்திக்கொள்ளுங்கள்.

தக்காளி லோடோடு ராயக்கோட்டை சந்தைக்கு இறக்கத்தில் போகும்போது நியூட்ரல் போட்டால் டீசல் மிச்சம் ஆகும்தானே?
— பாலக்கோடு

மிச்சமாகிற டீசல் ஒரு டீ காசுக்கு வராது தம்பி. டிராக்டருக்குப் பெரும்பாலும் பின் சக்கரத்தில்தான் பிரேக், நம் ஊர் டிரெய்லர்களில் பலவற்றுக்குப் பிரேக்கே கிடையாது. இறக்கத்தில் பின்னால் இருக்கிற லோடு வண்டியைத் தள்ளும், பிரேக் போட்டதும் டிரெய்லர் பக்கவாட்டில் மடங்கி வண்டியைப் புரட்டிவிடும். இறங்கத் தொடங்குமுன்பே சின்ன கியரைப் போட்டுவிடுங்கள், இன்ஜின் பிடிக்கட்டும்.

அப்புறம் வயலில் திரும்புவதற்காகப் பிரித்து வைத்த இடது, வலது பிரேக் பெடல் ரெண்டையும் ரோட்டுக்கு வருமுன் சேர்த்து லாக் போட வேண்டும். வேகத்தில் ஒரு பக்கப் பிரேக் மட்டும் மிதித்தால் வண்டி அங்கேயே சுழன்று குடை சாய்ந்துவிடும். வளைவில் வேகம் ரெண்டு மடங்கானால் வண்டியைச் சாய்க்கும் விசை நாலு மடங்கு ஆகும், கிரேட்டுகளை உயரமாக அடுக்கிக்கொண்டு போகிறவர்கள் இதை மறக்கக் கூடாது.

மட்கார்டில் ஒருவரை உட்கார வைக்கலாமா? என் பையன் அடம் பிடிக்கிறான்.
— பர்கூர்

கூடாது. பெரியவர் ஆனாலும் கூடாது. ரோல் பாரும் பெல்ட்டும் சீட்டில் இருக்கிற ஒருவருக்குத்தான், மட்கார்டில் இருக்கிற பிள்ளைக்குப் பிடிக்க ஒன்றுமே இல்லை, விழுந்தால் பின் சக்கரத்துக்கும் ரோட்டாவேட்டருக்கும் முன்னால்தான் விழும். அழட்டும், இறக்கிவிடுங்கள்.

என் வண்டிக்குச் சம்பளத்துக்கு டிரைவர் வைத்திருக்கிறேன். அவருக்கு ஏதாவது ஆனால் இன்ஷூரன்ஸ் கிடைக்குமா?
— அரூர்

இதைக் கேட்கிற முதலாளிகள் குறைவு, கேட்டதற்கு நன்றி. பாலிசியோடு வருகிற 15 லட்சம் ரூபாய் தனிநபர் விபத்துக் காப்பீடு வண்டிச் சொந்தக்காரர் தானே ஓட்டும்போதுதான், சம்பள டிரைவருக்கு அது வராது. அவருக்கான பொறுப்பு பாலிசியில் எப்படி எழுதியிருக்கிறது என்று ஏஜெண்டிடம் காட்டிக் கேளுங்கள், தனிநபர் விபத்துக் காப்பீட்டை அவர் பேருக்கும் கூடுதலாகச் சேர்க்கச் சொல்லுங்கள். அவருடைய லைசென்ஸ் நடப்பில் இருக்க வேண்டும். விவசாய உபயோகம் என்று பாலிசி போட்டுவிட்டு வாடகைக்குச் செங்கல் ஏற்றினால் கிளைம் வரும்போது வழக்காகிவிடும். அவருடைய வங்கிக் கணக்கில் பிரதமரின் சுரக்ஷா பீமா திட்டத்தில் சேர்த்துவிடுங்கள், வருஷத்துக்கு 20 ரூபாய்தான், 18 வயதிலிருந்து 70 வரை சேரலாம், விபத்தில் இறந்தால் குடும்பத்துக்கு 2 லட்சம். ஜூன் ஒன்றாம் தேதிக்குள் புதுப்பிக்கப் பணம் எடுக்கும்போது கணக்கில் 20 ரூபாய் இல்லாமல் போய் விட்டுப்போன குடும்பம் உண்டு, அதைப் பார்த்துக்கொள்ளுங்கள். முதலமைச்சரின் உழவர் பாதுகாப்புத் திட்டத்தில் அவர் சேர முடியுமா என்று வி.ஏ.ஓ.விடம் கேளுங்கள். அப்படியே பாப்பாரப்பட்டி வேளாண் அறிவியல் நிலையத்திலும் வேளாண் பொறியியல் துறை அலுவலகத்திலும் டிரைவர்களுக்கு எப்போது பயிற்சி நடக்கிறது என்று விசாரித்து, சம்பளத்தோடு ஒரு நாள் லீவு கொடுத்து அனுப்புங்கள்.

நான் பதினொன்றாம் வகுப்பு படிக்கிறேன். வெயிலுக்குப் பயந்து அப்பா ராத்திரியில் தனியாக உழப் போகிறார். வண்டியில் ரோல் பார் இருக்கிறது, பெல்ட்டும் போடுகிறார். இருந்தாலும் எனக்குத் தூக்கம் வருவதில்லை. நான் என்ன செய்யலாம்?
— மாணவி, மொரப்பூர்

அப்பா பெல்ட் போடுகிறார் என்பதே பெரிய ஆறுதல் பாப்பா. கிளம்பும்போது எந்தக் காட்டுக்குப் போகிறார், எத்தனை மணிக்குள் முடிப்பார் என்று கேட்டு வைத்துக்கொள். மணிக்கு ஒரு தரம் ஃபோன் பண்ணு, எடுக்காவிட்டால் உழுகிற சத்தத்தில் கேட்டிருக்காது என்று நினைத்துச் சும்மா இருக்காதே, பத்து நிமிஷத்தில் மறுபடி பண்ணு, அப்பவும் எடுக்காவிட்டால் பக்கத்து வீட்டு அண்ணன்களைக் கூட்டிக்கொண்டு போகச் சொல்.

ஒருவேளை வண்டி கவிழ்ந்திருந்தால் முதலில் இன்ஜின் ஸ்டாப்பை இழுத்து நிறுத்த வேண்டும், டீசல் ஒழுகும், பக்கத்தில் யாரும் பீடி பற்ற வைக்கக் கூடாது. உடனே 108. சர்வே நம்பர் சொன்னால் அவர்களுக்குப் புரியாது, பக்கத்தில் என்ன கோயில், எந்தப் பால் சொசைட்டி, ரோட்டிலிருந்து எந்தப் பக்கம் மண் பாதை என்று சொல்லி, ஒருவரை ரோட்டில் டார்ச்சோடு நிற்க வை. ஆள் அடியில் மாட்டியிருந்தால் அவசரப்பட்டு இன்னொரு டிராக்டரை வைத்து இழுக்க விடாதே, வண்டி இன்னொரு பக்கம் உருண்டுவிடும். மேலும் சாயாமல் கல்லும் கட்டையும் கொடுத்து முட்டு வைக்க வேண்டும். எத்தனை மணிக்கு மாட்டினார் என்பதைக் குறித்து வைத்து டாக்டரிடம் சொல்ல வேண்டும், ரொம்ப நேரம் நசுங்கியிருந்த உடம்பை விடுவித்த பிறகுதான் சிறுநீரகம் கெட்டுப்போகும், அதற்கு அவர்கள் முன்கூட்டியே மருந்து கொடுப்பார்கள்.

அப்பாவின் ஃபோன் எங்கே இருக்கிறது என்று இன்றைக்கே பார். நிறையப் பேர் டூல் பாக்ஸிலோ சீட்டுக்குக் கீழே பையிலோ போட்டுவைப்பார்கள், மாட்டிக்கொண்டால் கை எட்டாது. பொத்தான் போட்ட சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போகச் சொல், போகும்போது நீயே வைத்து அனுப்பு.